பலகை முதலில், வங்கு பிறகு

பணி ஓய்வுக்குப் பிறகு பாய்மரக் கப்பல் மாதிரி செய்து பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவருக்குக் கடையில் கிடைப்பது ஒரு பெட்டி. உள்ளே ஏரா எனப்படும் அடிமரம், அதில் சொருகுவதற்கு அளவாக வெட்டிய குறுக்குத் தட்டிகள், மேலே ஒட்ட மெல்லிய மரப்பட்டைகள், நூல்கண்டு, பித்தளைத் துண்டுகள், நாலாக மடித்த வரைபடம். முதலில் எலும்பு, அப்புறம் தோல் என்பது அந்தப் பெட்டியின் கணக்கு. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டாரின் முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்டு, உலகமெங்கும் எத்தனையோ தாத்தாக்கள் இந்தக் கணக்கில்தான் 'விக்டரி'யையும் 'கட்டி சார்க்'கையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே ஆசாமி கொல்கத்தாவில் குடியிருந்து, ஹூக்ளியில் வைக்கோல் ஏற்றி வந்த 'கொடோகிஸ்தி' படகைச் செய்ய நினைத்தால் பெட்டி கிடைக்காது. பெட்டிக் கணக்கை வைத்துக்கொண்டு இறங்கினாலும் உதைக்கும். ஏனென்றால் வங்காளப் படகுக்குத் தோல்தான் முதலில்.

அங்கே தச்சர் அடிப்பலகையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் பலகை பலகையாக மேலே ஏற்றிக்கொண்டே போவார். ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் விளிம்போடு ஒட்டி உட்கார வேண்டும். இரண்டையும் பிணைப்பதற்கு 'ஜொலுயி' என்றொரு தட்டையான இரும்புத் துண்டு இருக்கிறது. காகிதத்தில் அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னைப் பெரிதாக்கி நினைத்துக்கொண்டால் போதும். பொருத்துவாயின் இருபுறமும் உளியால் சின்னக் குழி எடுத்து, ஜொலுயியை அதில் வைத்து அடித்து இறக்குகிறார்கள். விரலளவு இடைவெளி விட்டு அடுத்தது, அதற்கடுத்தது. வேலை முடிந்த படகின் உடம்பில் இந்தப் பிணைப்புகள் தையல் போட்ட காயம்போல நீள நெடுகத் தெரியும். பலகைகள் சேர்ந்து வயிறும் அணியமும் உருவான பின்புதான் வங்கு, அதாவது விலாக்கால், உள்ளே வரும். வந்து, ஏற்கெனவே ஆகிவிட்ட வளைவுக்குத் தன்னைச் செதுக்கிக்கொள்ளும். வரைபடம் என்று ஒன்றும் இல்லை. படகின் உருவம் தச்சரின் கண்ணில் இருக்கிறது.

நம் பக்கத்தில் கதை வேறு. பாக் நீரிணைக் கரையில் வத்தை கட்டுகிறவர்கள் வங்கை முதலில் நிறுத்துகிறார்கள். அதற்கென்று அளவுக் கோடு கீறிய பலகையும் வைத்திருப்பார்கள். 1990களில் வந்து பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், பழைய மத்தியதரைக் கடல் தச்சர்களின் வடிவக் கணிதத்தோடு இதற்கு உறவு இருக்குமோ என்று யோசித்தார்கள். ஆகவே தமிழ்நாட்டு வத்தையை மாதிரி செய்கிறவருக்குப் பெட்டிக் கணக்கு ஓரளவுக்குக் கைகொடுக்கும். கங்கைப் படகுக்கு மேலைநாட்டுப் பழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

சின்னதாகப் படகு செய்யும் பழக்கம் வங்காளத்துக்குப் புதிதில்லை. கொல்கத்தாவுக்கு வடகிழக்கே சந்திரகேதுகரில் கிடைத்த சுடுமண் முத்திரைகளில் ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முந்தைய கப்பல் உருவங்கள் இருக்கின்றன. முர்ஷிதாபாத்தில் பாத்ர மாதத்துக் கடைசி வியாழனன்று, நீரின் காவலரான குவாஜா கிஸ்ருக்காக, மூங்கிலும் காகிதமும் கொண்டு கட்டிய தெப்பங்களையும் குட்டிப் படகுகளையும் விளக்கேற்றி பாகீரதியில் விடுவார்கள்; 'பேரா' விழா என்று பெயர். அதே ஊரின் தந்தச் சிற்பிகள் மயில்முகம் வைத்த 'மயூர்பங்கி' படகைத் துடுப்புக்காரர்களோடு செதுக்கி நவாபுகளுக்கும் வெள்ளைக்காரத் துரைகளுக்கும் விற்றார்கள். தந்தத்துக்குத் தடை வந்ததும் அதே படகு ஷோலாவுக்கு மாறியது. ஷோலா வேறொன்றுமில்லை, தஞ்சாவூர்க்காரர்கள் பெரிய கோயிலையே செய்து கண்ணாடிக்குள் வைக்கிற நமது நெட்டிதான்.

இதெல்லாம் அலங்காரம், வழிபாடு. படகை அதன் அளவோடும் அமைப்போடும் குறித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் ஒரு வெளியூர்க்காரருக்கு வந்தது. ஆன்ட்வெர்ப்பில் 1760இல் பிறந்த பல்தசார் சொல்வின்ஸ் கடற்காட்சி ஓவியர். 1791இல் கல்கத்தா வந்தார். கப்பலை வரைந்து பழகிய கண்ணுக்கு ஹூக்ளி துறை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வங்காள மக்களின் தொழில், உடை, வழக்கங்களைக் காட்டும் 250 செப்புத்தகட்டு அச்சுப் படங்களை வெளியிட்டார். அவற்றில் ஒரு பகுதி முழுக்கப் படகுகள். பட்டேலா, உலாக், பன்சி, பஜ்ரா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்படம். புத்தகம் விற்கவில்லை. பணக்கார ஆங்கிலேயருக்கு வேண்டியது மின்னுகிற கிழக்குலகம். சொல்வின்ஸ் கொடுத்ததோ சேறும் கயிறும். கையைச் சுட்டுக்கொண்டு 1803இல் ஊர் திரும்பினார்.

அந்தப் படகுகளை மறுபடி தூசி தட்டி எடுத்தவர் தமிழருக்குத் தெரிந்தவர். ராபர்ட் ஹார்ட்கிரேவ், 1969இல் நாடார் சமூக வரலாற்றை எழுதிய அமெரிக்க அரசியல் ஆய்வாளர். சாதி, கட்சி, தேர்தல் என்று எழுதிய கை, பிற்காலத்தில் சொல்வின்ஸின் மேல் பைத்தியமாகி, 2001இல் 'போட்ஸ் ஆஃப் பெங்கால்' என்று படகுகளுக்கே தனி நூல் கொண்டுவந்தது. பின்வயதில் படகு பிடிக்கும் நோய்க்குத் துறை வேறுபாடு கிடையாது போலும்.

சொல்வின்ஸ் இருந்த காலத்தில் அதே ஆற்றில் இன்னொரு விதக் கட்டுமானமும் தழைத்துக்கொண்டிருந்தது. ஜான் ஃபிப்ஸ் என்பவர் தொகுத்து, பின்னர் ராதாகுமுத் முகர்ஜி 1912இல் தமது இந்தியக் கப்பல் வரலாற்றில் எடுத்தாண்ட கணக்குப்படி, 1781 முதல் 1800 வரை ஹூக்ளிக் கரையில் கட்டியவை 35 கப்பல்கள். 1801 முதல் 1821க்குள் 237. இவை ஐரோப்பிய முறைக் கப்பல்கள். கிதர்பூரில் ஜேம்ஸ் கிட், ராபர்ட் கிட் என்ற யூரேசியச் சகோதரர்களின் தளம் பேர்பெற்றது. அங்கே கட்டிய 74 பீரங்கிக் கப்பலான 'ஹேஸ்டிங்ஸ்' 1819இல் பிரிட்டிஷ் கடற்படைக்கு விலைபோனது. (கிட் குடும்பத்தால்தான் கிதர்பூர் என்று பெயர் என்பார்கள். முர்ஷிதாபாத்தில் விளக்கு வாங்கிக்கொள்ளும் கிஸ்ரின் பெயரால் வந்தது என்பவர்களும் உண்டு. நமக்குப் பின்னவரைப் பிடித்திருக்கிறது.) 1823இல் அதே தளத்திலிருந்துதான் 'டயானா' என்ற நீராவிப் படகும் தண்ணீரில் இறங்கியது.

மாதிரி செய்கிறவர்கள் நாவூற நினைக்கக்கூடிய கப்பல் ஒன்று ஹௌராவில் பிறந்தது. 1829இல் இறங்கிய 'ரெட் ரோவர்', அமெரிக்கத் தனியார் போர்க்கப்பல் ஒன்றின் வடிவத்தைப் பின்பற்றியது. எதிர்ப்பருவக் காற்றையும் கிழித்துக்கொண்டு ஒரே ஆண்டில் சீனாவுக்கு மூன்று தடவை போய்வந்து பெயர் வாங்கியது. ஏற்றிப் போனது அபின். இவ்வளவு லட்சணமான உடம்புக்கு இப்படியொரு சரக்கு.

ஆனால் கதையின் நடுநாயகர் பிரெஞ்சுக்காரர் ஒருவர். பிரான்சுவா எத்மோன் பாரி 1806இல் பிறந்தவர், கடற்படை அதிகாரி. உலகத்தைச் சுற்றிய மூன்று பயணங்களில் இருந்தார். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் மற்றவர்கள் ஊர் பார்க்கக் கிளம்புவார்கள்; இவர் உள்ளூர்ப் படகுக்குள் இறங்கி அளவுநாடா பிடிப்பார். 1841 முதல் 1843 வரை வெளிவந்த அவருடைய பெருநூலில் கங்கைப் படகுகளும், சோழமண்டலக் கரையின் மசூலா, கட்டுமரம், தோணி வகைகளும் குறுக்குவெட்டு அளவோடு வரையப்பட்டிருக்கின்றன. அந்தப் பயணங்களில் ஒன்றில்தான், புதுச்சேரியில் ஒரு பட்டறை இயந்திரத்தின் பல்சக்கரத்தில் சிக்கி இடக்கையை இழந்தார். அதற்குப் பிறகும் வரைவதை நிறுத்தவில்லை. நீராவிக் கப்பலை ஓட்டினார், நீராவி இயந்திரம் பற்றிப் பாடநூலும் எழுதினார். பாய்மரத்தை ஒழித்துக் கட்டிய தொழில்நுட்பத்தில் ஊறிய மனிதர் இவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1871இல் பணி முடிந்தது. வயது 65. லூவ்ர் மாளிகையில் அப்போதிருந்த கடல் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, 1893இல் இறக்கும்வரை 22 ஆண்டுகள் அங்கேயே கிடந்தார். இளமையில் எடுத்த அளவுகளைப் பட்டறைத் தச்சர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு படகையும் மாதிரியாகச் செய்ய வைத்தார். 76ஆம் வயதில், 1882இல், பழங்கப்பல்களின் வரைபடத் தொகுதிகளை அச்சிடத் தொடங்கினார். மாதிரிக் கப்பல் செய்பவர்கள் இன்றும் அவற்றை விரித்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறார்கள். வங்காளத்துத் தச்சர் கண்ணில் மட்டும் வைத்திருந்த வளைவு, புதுச்சேரியில் கையைக் கொடுத்த ஒருவர் மூலம் பாரிஸில் காகிதம் ஏறியது.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல்லையும் இந்த வரிசையில் உட்கார வைக்கலாம். தூத்துக்குடி முத்து, சங்கு என்று வேலை, மனம் படகில். இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரையைக் கல்கத்தாவின் ஆசியவியல் கழகம் 1920இல் வெளியிட்டது. கங்கைப் படகுகளுக்குத் தனிக் கட்டுரை 1924இல் வந்தது. ஓய்வுக்குப் பிறகு பசிபிக் தீவுகள்வரை படகு தேடிப் போனார். மொத்தத்தையும் திரட்டி, நீர்ப்போக்குவரத்து பற்றிய தமது நூலை வெளியிட்டபோது அவருக்கு 80 தாண்டியிருந்தது.

இவர்கள் எழுதிக்கொண்டும் வரைந்துகொண்டும் இருந்த காலமெல்லாம் ஆற்றில் படகு குறைந்துகொண்டே வந்தது. 1854இல் ஹௌராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கி, நெல்லையும் சணலையும் தரைக்கு இழுத்தது. அப்புறம் டீசல் வந்தது. மோட்டார் பூட்டிய படகுக்கு, அதன் சத்தத்தை வைத்தே, வங்காளிகள் 'புட்புட்டி' என்று பெயரிட்டார்கள். மோட்டார் அதிர்வுக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி வடிவம் மாறியது, பாய்மரம் கழன்றது, பாய் தைக்கிறவரும் போனார். ஹூக்ளி மாவட்டத்துப் பலாகர் போன்ற ஊர்களில் இப்போதும் தச்சர்கள் சால், கருவேலம், வாகை மரங்களில் படகு கட்டுகிறார்கள். கட்டுவது பெரும்பாலும் சிறு டிங்கிகள்தான்.

கொல்கத்தாவின் காங்குர்காச்சியில், அம்பேத்கர் பவனில் இருக்கும் பண்பாட்டு ஆய்வு நிறுவனம் 2014இல் ஒரு படகு அருங்காட்சியகம் திறந்தது. வங்காளப் படகுகளின் மாதிரிகள் நாற்பதுக்கு மேல் அங்கே இருக்கின்றன. செய்தவர்கள் வடவங்காளத்து ராஜ்பன்ஷி கைவினைஞர்கள். உல்டாடாங்கா நெரிசலில் பிதுங்கி வந்து உள்ளே நுழைகிறவருக்கு, ஆறே காணாமல் ஒரு நதிக்கூட்டம் கண்ணாடிக்குள் நிற்பது விசித்திரமாக இருக்கும். நகரவாசிகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

2022இல் இன்னொரு முயற்சி நடந்தது. ரூப்நாராயண் ஆற்றில் ஓடிய 'சோட்' என்ற படகு, கீழே கூராக ஆங்கில 'வி' எழுத்துபோல இறங்கும் உடம்பு கொண்டது, வழக்கொழிந்து போயிருந்தது. மானிடவியலாளர் ஸ்வரூப் பட்டாச்சார்யாவும் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஹௌரா மாவட்டத்துத் திஹிமண்டல்காட்டில் வயதான தச்சர் ஒருவரையும் அவருடைய மகன்களையும் கொண்டு, முழு அளவில் ஒன்றைக் கட்டச் செய்தார்கள். ஒவ்வொரு அடியும் படம் பிடிக்கப்பட்டது. தண்ணீரில் விட்டுச் சம்பாதிப்பதற்காக இல்லாமல், எப்படிக் கட்டுவது என்று பதிந்துகொள்வதற்காகக் கட்டிய படகு அது. அந்த வகையில் அதுவும் மாதிரிதான், அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று.

மேசை மூலையில் காத்திருப்பவருக்குத் திரும்புவோம். 60 அடிப் படகை 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் இரண்டரை அடி வரும், அலமாரியில் அடங்கும். இரண்டு அங்குல ஜொலுயி இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடும். பித்தளைக் கம்பியைத் தட்டித் தகடாக்கி, இரு முனையும் மடித்து, பூதக்கண்ணாடியின் கீழ் நூற்றுக்கணக்கில் செய்தாக வேண்டும். கண்ணளவில் பலகை வளைக்கப் பழகாதவர் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. லேசான மரத்தில் படகின் வயிற்றை முழுதாகச் செதுக்கி, அதன்மேல் பலகைகளைச் சேர்த்துப் பிணைத்து, காய்ந்ததும் கட்டையை உருவிவிடுவது. மழைக்காலத்தில் இதைச் செய்யக் கூடாது. கொல்கத்தாவின் ஈரத்தில் ஆடி, ஆவணியில் ஊறிய பலகை கார்த்திகையில் சுருங்கி வாயைப் பிளக்கும்.

கடைசியில்தான் வங்கு. உள்ளே வைத்து, ஒளி தெரிகிற இடத்தில் பென்சில் குறி போட்டு, எடுத்து இழைத்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு எது முதலில் வந்தது என்று தெரியப்போவதில்லை. பலாகர்த் தச்சர் ஒருவர் வந்தால் குனிந்து, வங்குக்கு அடியிலும் தையல் ஓடுகிறதா என்று தேடுவார்.