வரைகலை இடைமுகக் கருவித்தொகுதிகளின் அணுகுதன்மை

வரைகலை இடைமுகக் கருவித்தொகுதிகளின் அணுகுதன்மை என்பது, அவற்றைக் கொண்டு உருவாக்கப்படும் மென்பொருள்களைப் பார்வையற்றோர் திரைவாசிப்பானின் துணையுடன் பயன்படுத்த இயலும் அளவைக் குறிக்கும். கருவித்தொகுதி என்பது பொத்தான், பட்டி, தேர்வுப்பெட்டி போன்ற இடைமுகக் கூறுகளை நிரலாளருக்கு ஆயத்தமாக வழங்கும் நிரல்களின் தொகுப்பு ஆகும். திரைவாசிப்பான் திரையில் உள்ளவற்றைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தருகின்றது. ஒரு மென்பொருள் பார்வையற்றோருக்குப் பயன்படுமா என்பது பெரும்பாலும் நிரலாளர் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் கருவித்தொகுதியைப் பொறுத்தே அமைகின்றது.

பின்னணி

டாஸ் போன்ற இயங்குதளங்களில் திரையில் தோன்றியவை நினைவகத்திலும் எழுத்துக்களாகவே இருந்தன. திரைவாசிப்பான் அவற்றை நேரடியாகப் படித்தது. வரைகலை இடைமுகத்திலோ திரை முழுவதும் படப்புள்ளிகளால் ஆனது. எனவே தொடக்ககாலத் திரைவாசிப்பான்கள், மென்பொருள்கள் இயங்குதளத்துக்கு அனுப்பிய வரைதல் கட்டளைகளை இடைமறித்துத் திரையின் உள்ளடக்கத்தை ஊகித்தன. இம்முறையில் பிழைகள் மலிந்திருந்தன. பின்னர், மென்பொருளே தன் கூறுகளைப் பற்றி அறிவிப்பதற்கான நிரலாக்க இடைமுகங்கள் தோன்றின. மைக்ரோசாப்ட் 1997 இல் ஆக்டிவ் அக்சசிபிலிட்டியை வெளியிட்டது. லினக்சு பணிமேசைகளில் ஏடி-எஸ்பிஐ இப்பணியைச் செய்கின்றது.

செயற்படும் முறை

ஒவ்வொரு கூறும் தன் பெயர், வகை, நிலை ஆகியவற்றை அறிவிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, "கடவுச்சொல்லை நினைவில் கொள், தேர்வுப்பெட்டி, தேர்வு செய்யப்படவில்லை" எனத் திரைவாசிப்பான் கூறும். இயங்குதளத்தின் சொந்தக் கூறுகள் இவற்றைத் தாமாகவே அறிவிக்கின்றன. கருவித்தொகுதி தானே வரையும் கூறுகளுக்கு, இவ்விவரங்களை அதுவே தனியாக வழங்க வேண்டும். வழங்காவிடில், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பொத்தான் திரைவாசிப்பானுக்கு இல்லாத பொருளாகிவிடுகின்றது.

சில கருவித்தொகுதிகள்

* டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், எஸ்டபிள்யூடி: இயன்றவரை இயங்குதளத்தின் சொந்தக் கூறுகளையே பயன்படுத்துகின்றன.
* ஸ்விங்: கூறுகளைத் தானே வரைகின்றது. விண்டோசில் இதற்கு ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் எனும் இணைப்பு தேவை. 2012 வரை பயனர் இதனைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.
* ஜிடிகே: லினக்சில் ஓர்க்கா திரைவாசிப்பானுடன் இயங்குகின்றது. விண்டோசில் நெடுங்காலம் இவ்வசதி இருக்கவில்லை.
* டிகே: பல ஆண்டுகள் இத்தகைய ஆதரவின்றியே இருந்தது. பைத்தான் மொழியுடன் சேர்ந்தே வருவதால், பயில்வோர் பலரின் முதல் மென்பொருள்கள் இதில் எழுதப்பட்டன.

நிரலாளர் கவனிக்க வேண்டியவை

நல்ல கருவித்தொகுதி மட்டும் போதாது. படம் மட்டுமே உள்ள பொத்தானுக்கு நிரலாளரே பெயரிட வேண்டும். உரைப்பெட்டியை அதன் தலைப்புடன் இணைக்க வேண்டும். எல்லாச் செயல்களையும் சுட்டியின்றி, விசைப்பலகையால் மட்டுமே செய்ய இயல வேண்டும். திரையை அணைத்துவிட்டுத் திரைவாசிப்பானுடன் மென்பொருளை இயக்கிப் பார்ப்பது எளிய சோதனை ஆகும்.

பார்வையற்றோர் பயனர்களாக மட்டுமன்றி நிரலாளர்களாகவும் உள்ளனர். 2006 இல் தொடங்கப்பட்ட கட்டற்ற திரைவாசிப்பானான என்விடிஏயை உருவாக்கிய மைக்கேல் கரன், ஜேம்சு டே ஆகிய இருவரும் பார்வையற்றவர்களே. அதன் இடைமுகம் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்சின் பைத்தான் வடிவத்தில் எழுதப்பட்டுள்ளது.