சாணகம் யாருடையது? உயிர்வாயுக் குழியின் ஒரு சிறு வரலாறு

2022 இல் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்றதை எங்கட தலைமுறை இலேசில் மறக்காது. அதற்கு முதல் வருடம், 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கும் வரைக்கும் தோட்டக்காரர் மாட்டெருவைத் தேடி அலைந்தார்கள். சமைக்க வாயு இல்லை, பயிருக்குப் பசளை இல்லை. ரெண்டுக்கும் மருந்து மாட்டுக் கொட்டிலுக்குள்ளேயே கிடக்குது எண்டு அப்ப கனபேர் சொன்னார்கள். சாணகத்தைத் தண்ணீரில் கரைத்து மூடிய குழிக்குள் விட்டால் மேலே வாயு, கீழே பசளை. பிறகென்ன?

பிறகு என்ன நடக்கும் என்பதை வன்னியில் எங்கட நண்பி ஒருத்தியின் வளவில் பார்த்தோம். ஏதோ ஒரு திட்டத்தில் கட்டிக் கொடுத்த உயிர்வாயுக் குழி அங்கே இருக்குது. சீமெந்துக் குவிமாடம் வெடிக்காமல் நல்லாத்தான் இருக்குது. ஆனால் அதன்மேல் செத்தல் மிளகாய் காயுது. ஏனம்மா பாவிக்கிறேல்லை எண்டு கேட்டோம். "முந்தி அஞ்சு மாடு நிண்டது, இப்ப ரெண்டு. அந்தச் சாணகத்தில வாற வாயு தேத்தண்ணி வைக்கத்தான் காணும். அதோட தண்ணி அள்ளிக் கரைச்சு ஊத்திறது நான்தானே பிள்ளையள்" என்றார்.

இந்த இரண்டு காரணங்களும், அதாவது மாட்டின் எண்ணிக்கையும் தண்ணீர் அள்ளுகிற கையும், நூறு வருடத்துக்கு மேலான ஒரு வரலாற்றில் திரும்பத் திரும்ப வருபவை என்பது வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குப் பிடிபட்டது.

சாணகம் எப்போது பிரச்சினையானது?

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். நாங்கள் கலைப்பீடம்தான், ஆனாலும் இது விளங்காமல் வரலாறும் விளங்காது. சாணகம் வெளியில் விழுந்து வெயிலில் காய்ந்தால் காற்றுப்பட்டு உக்கும். அப்போது மெதேன் மிகக் குறைவாகத்தான் வரும். அதையே தண்ணீரோடு சேர்த்து ஒட்சிசன் புகாமல் தேக்கி வைத்தால், காற்றில்லாமல் வாழும் நுண்ணங்கிகள் மெதேனை உண்டாக்கும். ஒரு கிலோ மெதேன் நூறு வருடக் கணக்கில் கிட்டத்தட்ட 27 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 20 வருடக் கணக்கில் பார்த்தால் 80 கிலோ அளவுக்கு.

ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2013 இல் போட்ட கணக்குப்படி, மனிதரால் வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதம் கால்நடைத் துறையில் இருந்து வருகிறது. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எருவைச் சேமித்துக் கையாள்வதால் வருவது. பெரும்பகுதி தீவன உற்பத்தியிலும் மாட்டின் ஏவறையிலும்தான்.

அறுவடை முடிந்த வயலில் பட்டி அடைத்து, எரு நேரே மண்ணுக்குப் போன காலத்தில் இந்தப் பிரச்சினை பெரிதாக இருக்கவில்லை. மாடும் நிலமும் பிரிந்த இடத்தில்தான் அது வளர்ந்தது. ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே கொட்டகையில் நிறுத்தி, தண்ணீர் அடித்துக் கழுவி, அந்தக் கூழைக் குளம் குளமாகத் தேக்கும் பண்ணைகளை யோசித்துப் பாருங்கோ. எருவால் வருகிற மெதேனின் பெரும்பங்கு அப்படியான மாட்டுப் பண்ணைகளிலும் பன்றிப் பண்ணைகளிலும் இருந்துதான் வருகிறது.

அடுப்பில் தொடங்கிய கதை

ஆனால் சாணகத்து வாயுவைப் பிடித்து எரிக்கும் வழியைத் தேடியவர்கள் காலநிலையை நினைத்துத் தேடவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்தது அடுப்பும் வயலும்.

19ஆம் நூற்றாண்டு இந்தியாவில், பசளையாக வேண்டிய சாணகத்தை வறட்டி தட்டி எரித்து வீணாக்குகிறார்கள் எண்டு குடியானவர்கள் மீது ஒரு குற்றச்சாட்டு இருந்தது. நிலைமையை ஆராய 1889 இல் பிரித்தானிய அரசாங்கம் ஜோன் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற விவசாய இரசாயனவியலாளரை அனுப்பியது. 1893 இல் வெளிவந்த அவருடைய அறிக்கை குற்றச்சாட்டைத் திருப்பிப் போட்டது. விறகு இல்லாதபடியால்தான் சாணகத்தை எரிக்கிறார்கள், விறகுக்கு வழி செய்தால் அது வயலுக்குப் போகும் என்பது அவர் வாதம். அறியாமை எண்டு சொல்லப்பட்ட ஒன்றை அவர் வறுமை என்று வாசித்தார். எங்களுக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

எரிப்பதா, வயலுக்குப் போடுவதா என்ற இழுபறியைத் தீர்க்கும் வழி வேறொரு பக்கத்தால் வந்தது. 1890களில் இங்கிலாந்தின் எக்ஸெற்றர் நகரில் கழிவுநீர்த் தொட்டியின் வாயுவில் விளக்கு எரித்தார்கள். 1897 அளவில் பம்பாயின் மாத்துங்கா தொழுநோயாளர் விடுதியிலும் கழிவுத் தொட்டியில் இருந்து வாயு எடுத்தார்கள். மாட்டுச் சாணகத்தில் இதைச் செய்து பார்க்கும் ஆய்வை 1930களின் கடைசியில் டெல்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் நடத்தினார். 1950களின் தொடக்கத்தில் ஜஷ்பாய் பட்டேல் 'கிராமலட்சுமி' என்ற குழியை வடிவமைத்தார். வாயு சேரச் சேர மேலே மிதந்து எழும்பி, பாவிக்கப் பாவிக்க இறங்கும் இரும்பு மூடி அதன் அடையாளம். எவ்வளவு வாயு மிச்சம் எண்டு பார்த்தவுடனே தெரியும். 1960களில் கதர், கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு இதைக் கையிலெடுத்து ஊரூராகக் கொண்டுபோனது.

இரும்பு விலை, அது துருவும் பிடித்தது. 1973 எண்ணெய் நெருக்கடி எல்லோரையும் மாற்று எரிபொருளைத் தேட வைத்தது. 1981 இல் இந்திய அரசு தேசியத் திட்டம் தொடங்கியது. 1984 இல் செங்கல்லால் கட்டும் மலிவான 'தீனபந்து' குழி வந்தது. எல்லாமாக இன்றுவரை இந்தியாவில் கட்டப்பட்டவை சுமார் 50 இலட்சம்.

'ஏழையின் நண்பனுக்கு' எத்தனை மாடு வேண்டும்?

தீனபந்து என்றால் ஏழையின் நண்பன். ஒரு மாடு நாளுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணகம் போடும் என்பது வழமையான கணக்கு. ஒரு குடும்பத்தின் சமையலுக்கு நான்கு ஐந்து மாடுகளின் சாணகம் வேண்டும், அதே அளவு தண்ணீரும் வேண்டும். நான்கு மாடு வைத்திருப்பவர் ஏழை இல்லை. மாடே இல்லாதவர்கள் தெருவிலும் வெளியிலும் கிடந்த சாணகத்தைப் பொறுக்கி வறட்டி தட்டினார்கள், பெரும்பாலும் பெண்கள். குழி வந்தபின் சாணகத்துக்குப் பெறுமதி வந்தது. பெறுமதி வந்தால் சொந்தக்காரரும் வந்துவிடுவார். மாட்டுக்காரர் வீட்டில் புகையில்லாத அடுப்பு எரிய, நிலமில்லாதவள் இருந்த எரிபொருளையும் இழக்கிறாள் என்ற விமர்சனம் இந்தியாவில் 1970களிலேயே எழுந்தது.

இதற்கு ஒரு பதில் கர்நாடகாவில் புரா என்ற, நூறு வீடும் இல்லாத சின்னக் கிராமத்தில் இருந்து வந்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் அமுல்ய ரெட்டியும் அவருடைய குழுவினரும் ஊருக்குப் பொதுவாக ஒரு குழி கட்டினார்கள். முதலில் சமையலுக்கு வாயு கொடுக்கப் பார்த்தார்கள். ஊரின் சாணகம் அதற்குப் போதவில்லை. ஊர்ச்சனத்துக்குப் பெரிய தேவையாக இருந்தது தண்ணீர். 1987 இல் இருந்து அந்த வாயுவில் இயந்திரம் ஓட்டி, மின்சாரம் எடுத்து, குழாய்க்கிணற்றுத் தண்ணீரை இறைத்து வீட்டடிக்குக் கொண்டுவந்தார்கள், விளக்கும் எரித்தார்கள். சாணகம் கொண்டுவந்தவர்களுக்கு நிறைக்கேற்ப காசு, பிறகு வாயு எடுத்த எருவும் திரும்ப அவர்களுக்கே. பல வருடம் அது ஓடியது. காலநிலை எண்டு அங்கே ஒருவரும் பேசவில்லை, ஆனாலும் மெதேன் எரிந்துகொண்டுதான் இருந்தது.

வாயுவுக்கு விலை வந்த பிறகு

2005 இல் கதை திரும்பியது. நேபாளத்தின் வீட்டுக் குழிகள் கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் பதிவாகின. ஒரு வீட்டு அடுப்பு குறைத்த வாயுவைக் கணக்கிட்டு வெளிநாட்டுக்கு விற்கலாம் என்றானது. 2016 இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது: மாட்டெருவின் மெதேனை 2030 இற்குள் 2013 இன் அளவில் இருந்து 40 வீதம் குறைக்க வேண்டும். பெரிய பண்ணைகள் எருக்குளத்தை மூடி வாயு எடுக்க மானியம் கிடைத்தது. வாயு குறைவது உண்மை. ஆனால் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைச் சனம் கேட்பது இது: எருவிலும் காசு வந்தால் பண்ணை இன்னும் பெருக்காதா? எங்கட மணமும் தண்ணீரும் என்னாவது? புராவில் இருந்து எவ்வளவு தூரமோ, கேள்வி ஒன்றுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்குது. வெளியில் காய்ந்திருந்தால் மெதேன் அதிகம் வராத சாணகத்தில் இருந்து, குழி வேண்டுமென்றே மெதேனை உண்டாக்குகிறது. எல்லாவற்றையும் எரித்தால், அதனால் விறகும் காஸும் மிச்சமானால், இலாபம். குழி வெடித்துக் கசிந்தால் நட்டம், வானத்துக்கும் சேர்த்து. 1970களில் சீனாவில் இலட்சக்கணக்கில் அவசரமாகக் கட்டிய குழிகளில் பெருந்தொகை கசிந்து கைவிடப்பட்டது. ஆகவே எத்தனை குழி கட்டினோம் என்ற கணக்கு போதாது. பத்து வருடம் கழித்து எத்தனை எரிகிறது, அதற்கு ஆர் தண்ணீர் அள்ளுகிறார் என்பதுதான் கணக்கு.

இலங்கைக்கும் 1970களில் இருந்தே இந்தக் குழிகள் வருகின்றன. நெருக்கடி வரும்போது நினைக்கிறோம், காஸ் வந்ததும் மறக்கிறோம். இனிமேல் காலநிலை என்ற பெயரில் திட்டங்கள் கூட வரும். வரட்டும், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு மாடு நிற்கிற வளவில் ஐந்து மாட்டுக் குழியைக் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகவேண்டாம். நாலைந்து வீட்டுச் சாணகத்தைச் சேர்க்கலாம், சமையல் கழிவையும் சேர்க்கலாம். கரைத்து ஊற்றுகிற வேலைக்குக் கூலி குடுக்கலாம். இவற்றில் பாதியைப் புரா எப்போதோ செய்து காட்டிவிட்டது.

நண்பியின் அம்மாவிடம் போகும்போது இந்தக் கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்ப பக்கத்து வீட்டுச் சாணகத்துக்கு ஆர் காசு குடுக்கிறது?" என்றார். சரியான கேள்வி. உங்கட ஊரிலும் மிளகாய் காயும் குழி ஒன்று இருக்கலாம். அது எப்ப நின்றது, ஏன் நின்றது எண்டு அந்த வீட்டு அம்மாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.