லக்சம்பேர்க்: ஊருக்கெல்லாம் பேசிய ஒரு சின்ன நாடு

 

பெப்ரவரி 13 உலக வானொலி தினம். அதையொட்டி தரம் 9 பிள்ளைகளிடம், வானொலியின் வரலாற்றில் முக்கியமான நாடுகள் எவை என்று கேட்டோம். இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று வரிசையாகச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு மகள் மட்டும் எழும்பி, "சேர், இதுல சின்ன நாடு ஒண்டும் இல்லயா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. அன்றைக்கு ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். மீதியை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அந்த நாடு லக்சம்பேர்க். ஜேர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம் மூன்றுக்கும் நடுவே இருக்கிறது. கடல் கிடையாது. பரப்பளவு 2,586 சதுர கிலோமீற்றர், அதாவது நமது மட்டக்களப்பு மாவட்டத்தை விடவும் கொஞ்சம் சிறியது. 1930களில் அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். இரும்பும் விவசாயமும்தான் பிழைப்பு. இந்த நாட்டின் வானொலியைத்தான் பிறகு ஐரோப்பாவின் பாதி கேட்டது.

ஆரம்பம் ஒரு வீட்டு மேல்மாடியில். 1924இல் அனென் என்ற குடும்பத்துச் சகோதரர்கள், லக்சம்பேர்க் நகரில் தங்கள் வீட்டிலேயே ஒரு சிறிய ஒலிபரப்புக் கருவியைப் பொருத்தினார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக நாட்டின் கவனத்தைப் பிடித்தது. அப்போது ஐரோப்பாவின் பல நாடுகளில் வானொலி அரசின் கையில், அல்லது அரசு அனுமதித்த ஒரேயொரு நிறுவனத்தின் கையில் இருந்தது. இங்கிலாந்தில் பிபிசி. அதற்கு விளம்பரம் கிடையாது, மக்கள் கட்டும் அனுமதிக் கட்டணத்தில் நடந்தது.

லக்சம்பேர்க் அரசிடம் அப்படியொரு நிலையம் நடத்தப் பணமில்லை. ஆனால் அதனிடம் வேறொன்று இருந்தது: சட்டம் போடும் அதிகாரம். 1929இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒலிபரப்பு உரிமையைத் தனியார் கம்பனிக்குக் கொடுக்க வழி செய்தது. 1931இல் லக்சம்பேர்க் ஒலிபரப்புக் கம்பனி உருவானது. முதலீட்டில் பெரும்பகுதி பிரான்சிலிருந்து வந்தது. யூங்லின்ஸ்டர் என்ற கிராமத்தில், அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகச் சக்திவாய்ந்த ஒலிபரப்பு நிலையங்களில் ஒன்று எழுந்தது. 1933 மார்ச்சில் ஒழுங்கான ஒலிபரப்பு ஆரம்பம். முதலில் பிரெஞ்சும் ஜேர்மனும், அந்த ஆண்டு முடிவதற்குள் ஆங்கிலமும் வந்தது.

நெட்டலை வரிசையில் தனக்கு ஒதுக்கப்படாத இடத்தைத்தான் அந்த நிலையம் பிடித்துக்கொண்டது. பிரித்தானியாவுக்குக் கடும் கோபம். முறைப்பாடுகள் பறந்தன. லண்டனிலிருந்து நிகழ்ச்சிகளைக் கொண்டுபோகத் தொலைபேசி இணைப்புத் தர மறுத்தார்கள். கம்பனிக்காரர்கள் அசரவில்லை. லண்டனில் நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து, அதைச் சுமந்துகொண்டு போய் லக்சம்பேர்க்கில் ஒலிக்க விட்டார்கள்.

மக்கள் ஏன் அங்கே போனார்கள்? அன்றைய பிபிசியின் தலைவர் ஜோன் ரீத் கண்டிப்பான மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலய ஆராதனையும் கனமான இசையும் பேச்சும்தான். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்ற ஒருவர் அந்த ஒரு நாளில் ஒரு பாட்டும் சிரிப்பும் கேட்க ஆசைப்பட்டால், ரேடியோ லக்சம்பேர்க்குக்குத்தான் திருப்ப வேண்டும். இடையிடையே சோப், பற்பசை, பானம் என்று விளம்பரம் வரும். நமக்குத் தெரிந்த ஓவல்டின்கூட 1935 முதல் அங்கே பிள்ளைகளுக்கென்று தனி நிகழ்ச்சி நடத்தியது.

இந்தக் கதை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? நம் வீட்டிலேயே நடந்த கதைதான். உலக யுத்தத்தில் நேச நாட்டுப் படையினருக்காக இலங்கையில் ஒரு வலிமையான சிற்றலை நிலையம் நடந்தது. யுத்தம் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் ரேடியோ சிலோன் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் அந்தப் பாட்டுகள் அருகிப்போக, இந்தியா முழுக்க ரேடியோ சிலோன் பக்கம் திரும்பியது. அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா பம்பாயில் பதிவாகி, விமானத்தில் கொழும்பு வந்து, இங்கிருந்து திரும்பவும் இந்தியாவுக்கே போனது. லண்டன் ஒலிப்பதிவு லக்சம்பேர்க் போய்த் திரும்பிய அதே வழி. பெரிய நாடு ஒரு கதவைச் சாத்தும்போது, பக்கத்தில் இருக்கும் சின்ன நாடு ஒரு ஜன்னலைத் திறக்கிறது. அந்த ஜன்னலில் காசும் வருகிறது, பெயரும் வருகிறது.

ஆனால் ஜன்னல் வழியாகத் திருடனும் வரலாம். அடுத்தது அந்தக் கதை.

1939 செப்டெம்பரில் யுத்தம் தொடங்கியது. லக்சம்பேர்க் நடுநிலை நாடு. நடுநிலையைக் காப்பாற்றிக்கொள்ள, அந்த மாதமே தன் வானொலியைத் தானே நிறுத்தியது. பலன் இல்லை. 1940 மே 10ஆம் திகதி ஹிட்லரின் படை உள்ளே வந்தது. யூங்லின்ஸ்டர் நிலையம் அவர்கள் கையில் விழுந்தது. நேற்றுவரை இங்கிலாந்துக்குப் பாட்டுப் போட்ட அதே கோபுரத்திலிருந்து, இன்று இங்கிலாந்தைப் பயமுறுத்தும் பேச்சு போனது. 'லோர்ட் ஹோ ஹோ' என்று ஆங்கிலேயர் பட்டம் சூட்டிய நாசிப் பிரசாரகனின் குரலும் இந்த நிலையத்தின் ஊடாகத்தான் ஒலித்தது.

அதே காலத்தில் லக்சம்பேர்க்கின் அரசி, பெருங்கோமகள் சார்லட், நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். தன் மக்களோடு அவர் எப்படிப் பேசினார் தெரியுமா? பிபிசியில். ஆம், தன் நாட்டு நிலையம் எந்த பிபிசியின் நேயர்களை இழுத்ததோ, அதே பிபிசியின் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து பேசினார். சொந்தக் கோபுரத்தில் எதிரியின் குரல், இரவல் கோபுரத்தில் சொந்தக் குரல். வீடுகளில் மக்கள் ஒளித்திருந்து கேட்டார்கள். அவர் பேசியது லக்சம்பேர்க் மொழியில்.

அந்த மொழியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லக்சம்பேர்க் மக்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசுவது லக்சம்பேர்கிஷ். பாடசாலையிலும் அலுவலகத்திலும் பத்திரிகையிலும் ஜேர்மனும் பிரெஞ்சும்தான். வீட்டுப் பேச்சை ஒரு மொழியாகவே பலர் மதிக்கவில்லை, ஜேர்மனின் ஒரு வட்டார வழக்கு என்றார்கள். நாசிகளும் அதைத்தான் சொன்னார்கள்: "நீங்கள் ஜேர்மனியர்தான்." 1941 ஒக்டோபரில் ஒரு கணக்கெடுப்பு வைத்து, தேசியம் என்ன, தாய்மொழி என்ன, இனம் என்ன என்று மூன்று கேள்வி கேட்டார்கள். ஜேர்மன் என்று எழுதுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. மக்கள் மூன்றுக்கும் லக்சம்பேர்க் என்றே எழுதினார்கள் என்பது முன்கூட்டியே தெரியவர, கணக்கெடுப்பையே கைவிட்டார்கள். துப்பாக்கி இல்லாத மக்கள் பேனையால் செய்த காரியம் அது.

1944 செப்டெம்பரில் அமெரிக்கப் படை வந்து நாட்டை மீட்டது. நிலையம் இப்போது நேச நாடுகளின் கையில். இங்கேதான் பிள்ளைகளுக்கு நாங்கள் கட்டாயம் சொல்ல விரும்பும் பகுதி வருகிறது. அந்த ஆண்டின் கடைசியிலிருந்து அமெரிக்கர்கள் இதே நிலையத்திலிருந்து, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், '1212' என்ற பெயரில் ஒரு இரகசிய ஒலிபரப்பை நடத்தினார்கள். ஜேர்மனிக்குள்ளிருந்து பேசும் ஜேர்மனியர்கள் போல நடித்தார்கள். முதலில் உண்மைச் செய்தியையே சொன்னார்கள். எந்தத் தெருவில் குண்டு விழுந்தது, எந்தப் பாலம் உடைந்தது என்பதெல்லாம் சரியாக இருந்தது. கேட்டவர்கள் நம்பத் தொடங்கினார்கள். நம்பிக்கை பிடித்த பிறகு, யுத்தத்தின் கடைசி நாட்களில், எதிரிப் படையைக் குழப்பும் பொய்களை இடையில் கலந்தார்கள்.

ஹிட்லரை வீழ்த்த வேண்டியிருந்தது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பாடம் வேறு. பொய் எப்போதும் பொய்யின் உடுப்போடு வருவதில்லை. ஒன்பது உண்மைக்கு நடுவில் பத்தாவதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று வட்ஸ்அப் குழுமத்தில் யாரோ ஒருவரின் குரல் வருகிறது. நம் ஊர்ப் பேச்சு, நமக்குத் தெரிந்த தெருப் பெயர், ஸலாம் சொல்லி ஆரம்பம். உடனே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு பொய்ச் செய்தி எத்தனை கடைகளைச் சாம்பலாக்கும் என்பதை இந்த நாட்டில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியை ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கதைக்கு வருவோம். யுத்தம் முடிந்து பாட்டு திரும்பி வந்தது. 1948இல் ஞாயிறு இரவுகளில், அதிகம் விற்பனையான இருபது பாடல்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சி தொடங்கியது. 1951இல் ஆங்கில சேவை மத்திய அலைக்கு, புகழ்பெற்ற 208 மீற்றருக்கு மாறியது. மத்திய அலை பகலில் தூரம் போகாது. பொழுது பட்ட பிறகு வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் பட்டுத் தெறித்துத் தொலைவில் இறங்கும். அதனால் இங்கிலாந்துப் பிள்ளைகள் இரவில் போர்வைக்குள் ரேடியோவை வைத்துக் கேட்டார்கள். சத்தம் கூடும், குறையும், சில நேரம் காணாமலே போகும். நம் வாப்பாமார் சிற்றலையைப் பிடிக்கக் குமிழைத் திருகித் திருகி இருந்தது நினைவுக்கு வருகிறதா?

பெரிய நாடுகள் கடைசியில் விழித்துக்கொண்டன. இந்தியா 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது. பிரித்தானியாவில் 1964 முதல் கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய திருட்டு நிலையங்கள் வேறு வந்தன. அவற்றுக்கு எதிராகச் சட்டம் போட்ட கையோடு 1967இல் பிபிசி பாட்டுக்கென்றே ரேடியோ 1ஐத் திறந்தது. லக்சம்பேர்க்கின் ஆங்கில சேவை மெல்ல மெல்லத் தேய்ந்து 1992 டிசம்பர் 30ஆம் திகதி நின்றது.

ஆனால் நாடு அதற்கு முன்னரே வானத்தைப் பார்த்துவிட்டது. 1985இல் எஸ்இஎஸ் என்ற செய்மதி நிறுவனம் அங்கே உருவானது. ஐரோப்பாவின் முதல் தனியார் செய்மதி நிறுவனம் அதுதான். அரசே பின்னால் நின்று உத்தரவாதம் கொடுத்தது. பிரான்ஸ் எதிர்த்தது, தொலைத்தொடர்பு ஏகபோகங்கள் எதிர்த்தன. 1988 டிசம்பரில் அஸ்ட்ரா 1ஏ விண்ணுக்குப் போனது. ஜேர்மனியும் பிரான்சும் அரசுப் பணத்தில் செய்த செய்மதிகள் நாலைந்து அலைவரிசைகளுக்கு மேல் தாங்கவில்லை. ஜேர்மனியின் முதலாவது செய்மதி, சூரியத் தகடு விரியாமல் பயனற்றே போனது. அஸ்ட்ராவோ 16 அலைவரிசைகளைச் சுமந்தது. வீட்டுச் சுவரில் பூட்டும் சின்ன டிஷ் அதற்குப் போதும். பெட்ஸ்டோர்ப் என்ற ஊரில், முன்பு அரச குடும்பம் வாழ்ந்த மாளிகையிலிருந்துதான் அந்த நிறுவனம் நடக்கிறது. யூங்லின்ஸ்டரில் கற்ற பாடத்தையே அவர்கள் வானத்தில் எழுதினார்கள்: நிலம் சின்னதாக இருக்கலாம், அலைக்கு எல்லை இல்லை.

இத்தோடு முடித்தால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் ஒரு கேள்வி எங்களை விடவில்லை. ஐரோப்பாவுக்கெல்லாம் பேசிய இந்த நாடு, தன் மக்களோடு தன் மொழியில் எப்போது பேசியது?

1933இல் பிரெஞ்சும் ஜேர்மனும் ஆங்கிலமும் கேட்ட நிலையம், லக்சம்பேர்கிஷில் ஒழுங்கான அன்றாட சேவையைத் தொடங்கியது 1959இல். தொலைக்காட்சி 1955இல் வந்தது, பிரெஞ்சில். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, சொந்த மொழியில் ஒரு நிகழ்ச்சிக்கு 1969 வரை காத்திருந்தார்கள். தினமும் வருவதற்கு 1991 ஆனது. அதைத் தேசிய மொழி என்று சட்டம் சொன்னதே 1984இல்தான். யுத்தத்தில் உயிரைப் பணயம் வைத்து "இது எங்கள் மொழி" என்று எழுதிய மக்கள், சட்டம் அதைச் சொல்வதைக் கேட்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். காரணம் எளியது. மூன்று இலட்சம் பேரின் மொழியில் விளம்பரம் போட்டால் யாருக்கு இலாபம்? கோபுரம் அவர்களுடைய மண்ணில் நின்றது. பணம் வேறு ஊருடையது. அதனால் காதும் வேறு ஊருடையதாகவே இருந்தது.

நாங்கள் கலாசாலையில் படித்த காலத்தில் வரலாற்று விரிவுரையாளர் ஒருவர் சொல்வார்: "பிள்ளையள், யார் பேசினது எண்டு மட்டும் படிக்காதீங்க. யாருக்குப் பேசினது எண்டும் பாருங்க." அந்த வார்த்தை இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு யூங்லின்ஸ்டர் இருக்கிறது. யூடியூப், டிக்டொக் என்று உலகத்துக்கே பேசுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் நம் மூத்தம்மாமார் சொல்லும் தாலாட்டும், கடலுக்குப் போனவர்களின் அம்பாப் பாட்டும், நம் ஊரின் பெயர் வந்த கதையும் எந்தப் பதிவில் இருக்கின்றன? அவற்றுக்கு 'வியூஸ்' கிடைக்காது என்பதற்காக விட்டுவிட்டால், நாமும் 1959 வரை காத்திருந்தவர்கள் ஆகிவிடுவோம். வித்தியாசம் ஒன்றுதான். அவர்களுடைய மொழி காத்திருந்தது. நம் மூத்தவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இந்த வார விடுமுறையில் வீட்டில் உள்ள மூத்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்து, தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். பெயரும் திகதியும் ஊரும் சேர்த்து எழுதி வையுங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தொடங்கிவிட்டார்கள். முதலாவது பதிவைக் கொண்டுவந்தது, பின்வரிசையில் எழும்பிக் கேள்வி கேட்ட அந்த மகள்தான்.