பஞ்சர் ஒட்டுதல்

மிதிவண்டிச் சக்கரத்தின் டியூபில் முள், ஆணி, கண்ணாடிச் சில்லு முதலியவற்றால் உண்டாகும் துவாரத்தை ரப்பர்த் துண்டால் அடைத்துச் செப்பனிடும் முறை. பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான ஜான் பாய்டு டன்லப் 1888இல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர், சக்கர விளிம்போடு பசையால் ஒட்டப்பட்டிருந்தமையால் அதைப் பழுதுபார்ப்பது மிகவும் சிரமமான காரியமாயிருந்தது. 1891இல் பிரான்ஸ் தேசத்து மிஷலின் சகோதரர்கள் எளிதில் கழற்றி மாட்டத்தக்க டயரைச் செய்தளித்த பின்னரே, வண்டி வைத்திருப்போர் தாமே செய்துகொள்ளத்தக்க சுலபமான வேலையாக இது மாறத் தொடங்கிற்று.

டயரின் ஒரு பக்கத்தை நெம்பி டியூபை வெளியிலெடுத்து, காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, சொல்யூஷன் எனப்படும் ரப்பர்ப் பசையை மெல்லியதாகப் பூசி, அதன் கரைப்பான் ஆவியாகிப் பளபளப்பு மறையும்வரை பொறுத்திருந்து, பின்னரே ரப்பர் ஒட்டை வைத்து அழுத்துதல் வேண்டும். ஒட்டு விரைவில் பெயர்ந்துவிடுவதற்கு அவசரமும் எண்ணெய்ப் பிசுக்குமே பெரும்பாலும் காரணங்களாம்.

துவாரம் இருக்கும் ஸ்தானமே அதன் காரணத்தை உணர்த்தும். வெளிப்புறத்தில் இருப்பின் டயரினுள் முள் தங்கியிருக்கக்கூடும். உட்புறத்தில் இருப்பின் ஆரக்கம்பியின் முனை உறுத்தியிருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு துவாரங்கள் காணப்படின், காற்றுக் குறைந்த சக்கரம் கல்லில் மோதி டியூப் நசுங்கியதென்று கொள்ளலாம். துவாரமே அகப்படாவிடில், பழைய வகை வால்வில் செருகப்படும் சிறு ரப்பர்க் குழாய் நைந்துள்ளதாவென்று சோதித்து, அதை மாற்றுதல் அவசியம்.