சுற்றத்தின் வழியே பரவும் நலவழக்கங்கள்: தைச்சுங் முதல் ஹோண்டுராஸ் வரை

நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பது பழைய அறிவு. கருத்தடை செய்துகொள்வதும், புகைப்பதை விடுவதும், குடிநீரைத் தூய்மைப்படுத்துவதும் அவ்வாறே மனித உறவுகளின் வழியே பரவுகின்றனவா என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே முறையான ஆய்வுக்கு உள்ளானது. அக்கேள்வி வளர்ந்த பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. செய்தி பரவுவது வேறு, வழக்கம் பரவுவது வேறு. வழக்கம் வேரூன்ற நெருங்கிய சுற்றத்தின் ஒப்புதல் தேவை என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.

தொடக்கமும் முதல் ஐயமும்

ஜேம்ஸ் கோல்மன், எலிஹு காட்ஸ், ஹெர்பர்ட் மென்செல் ஆகியோர் 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஊர்களில் மருத்துவர்களை ஆராய்ந்தனர். டெட்ராசைக்ளின் அப்போது புதிய மருந்து. யார் எப்போது அதை எழுதத் தொடங்கினார் என்பதை மருந்துக்கடைச் சீட்டுகளிலிருந்து கண்டறிந்தனர். சக மருத்துவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள் முந்திக்கொண்டார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. இதே தரவுகளை 2001இல் மறுஆய்வு செய்த வான் டென் புல்ட்டேயும் லிலியனும், மருந்து நிறுவனங்களின் விளம்பர முயற்சியைக் கணக்கில் சேர்த்தால் இந்த உறவுத் தாக்கம் மறைந்துவிடுகிறது என்று காட்டினர். ஒரே காலத்தில் பலர் மாறினால், அது ஒருவரையொருவர் பார்த்து மாறியதா, எல்லோரையும் ஒரே புறக்காரணம் மாற்றியதா? இத்துறையை இன்றுவரை தொடரும் கேள்வி இது.

தைச்சுங், கொரியா

தைவானின் தைச்சுங் நகரில் 1963இல் ரொனால்ட் ஃப்ரீட்மன், ஜான் தாகேஷிதா ஆகியோர் பங்கேற்ற குடும்பக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை, இக்கேள்விக்கு விடைகாண ஏற்ற வடிவம் கொண்டிருந்தது. ‘லின்’ எனப்படும் ஏறத்தாழ 2,400 சிறு குடியிருப்புப் பகுதிகள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. சிலவற்றில் பணியாளர்கள் வீடுதோறும் சென்று மனைவியரிடம் பேசினர். சிலவற்றில் கணவன் மனைவி இருவரிடமும் பேசினர். சிலவற்றுக்கு அஞ்சல் மட்டும் சென்றது. மற்றவற்றில் நகரெங்கும் ஒட்டிய சுவரொட்டிகளைத் தவிர எதுவும் இல்லை. அஞ்சலால் விளைந்த பயன் சிறிது. கணவரையும் தனியே சந்தித்ததால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. ஆனால் யாரும் போய்ப் பேசாத பகுதிகளிலிருந்தும், நகருக்கு வெளியிலிருந்துகூட, பெண்கள் மருத்துவ நிலையங்களுக்கு வந்து கருத்தடை வளையம் பொருத்திக்கொண்டனர். பணியாளர் சொன்ன செய்தியைத் தோழியரும் உறவினரும் அவர்களிடம் கொண்டுசேர்த்திருந்தனர்.

தென்கொரியாவில் 1968இல் கிராமந்தோறும் தாய்மார் மன்றங்கள் தொடங்கப்பட்டன. 1973இல் சில கிராமங்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு, எவரெட் ரோஜர்ஸும் லாரன்ஸ் கின்கெய்டும் எந்தப் பெண் யாரோடு கருத்தடை பற்றிப் பேசுகிறாள் என்று வரைபடமாக்கினர். அரசின் திட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஆயினும் ஓர் ஊரில் பெரும்பாலோர் மாத்திரை எடுத்தனர். இன்னோர் ஊரில் வளையமே பெருவழக்கு. புறக்காரணம் மட்டுமே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றியிராது. அந்தந்த ஊரில் முன்னோடிகளாக இருந்த பெண்கள் தேர்ந்த முறையே பிறருக்கும் நம்பத்தக்கதாயிற்று.

ஃப்ராமிங்ஹாம்: பெருந்தரவும் பெருவிவாதமும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாமில் 1948 முதல் இதயநோய் ஆய்வு நடந்துவருகிறது. பங்கேற்பாளர் இடம் மாறினால் கண்டுபிடிப்பதற்காக, அவர்களின் நெருங்கிய நண்பர் பெயரைப் பணியாளர்கள் தாளில் குறித்துவைத்தனர். அக்குறிப்புகளைக் கொண்டு நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் 12,067 பேரின் 32 ஆண்டு உறவுவலையை அமைத்தனர். நண்பர் பருமனானால் ஒருவர் பருமனாகும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுகிறது என 2007இல் அறிவித்தனர். புகைப்பழக்கத்தைப் பற்றிய 2008ஆம் ஆண்டுக் கட்டுரையில், மக்கள் தனித்தனியாக அன்றிக் குழுக்களாகவே புகையைக் கைவிட்டனர் என்றும், தொடர்ந்து புகைத்தவர்கள் வலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர் என்றும் காட்டினர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. இனம் இனத்தோடு சேரும்; ஒத்த இயல்புடையவர்கள் நண்பராவதால் விளையும் ஒற்றுமையைத் தொற்று என எண்ணிவிடலாகாது என்றனர் விமர்சகர்கள். கோஹன்-கோலும் ஃப்ளெச்சரும் அதே வகைக் கணக்கீட்டை முகப்பரு, தலைவலி, உயரம் ஆகியவற்றுக்குச் செய்துபார்த்தனர். உயரம்கூடத் ‘தொற்றுவதாக’ விடை வந்தது. கண்காணிப்புத் தரவுகளைக் கொண்டு மட்டும் ஒத்தவர் கூடுவதையும் ஒருவரால் ஒருவர் மாறுவதையும் பிரித்தறிவது பொதுவாக இயலாது என்று ஷலிஸியும் தாமஸும் 2011இல் நிறுவினர்.

பரிசோதனைக்கு மீளுதல்

எனவே தைச்சுங் வழிக்கே ஆய்வு திரும்பியது. டேமன் சென்டோலா இணையத்தில் 1,528 பேரை இரு வகை வலைகளில் தாமே அமைத்தார். நண்பர்களின் நண்பர்களும் தம்முள் இணைந்த நெருக்கமான வலையில் 54 விழுக்காட்டினர் புதிய நலச்சேவையில் சேர்ந்தனர். தொடர்புகள் சிதறிக் கிடந்த வலையில் 38 விழுக்காட்டினரே சேர்ந்தனர். இது 2010இல் வெளியானது. வழக்கத்தை ஏற்க, ஒருவர் சொல்லக் கேட்பது மட்டும் பலருக்குப் போதவில்லை. இரண்டாம் நபரும் செய்வதைக் காணும்போது துணிவு பிறந்தது.

ஹோண்டுராஸின் லெம்பிரா பகுதியில் 32 கிராமங்களில் நடந்த பரிசோதனை 2015இல் வெளிவந்தது. எழுந்தமானமாகத் தேர்ந்த கிராமத்தாரிடம் அவர்களின் நண்பர் பெயரைக் கேட்டு, அந்த நண்பர்கள் வழியே சத்து மாத்திரையை அறிமுகப்படுத்தியபோது ஏற்பு கூடியது. குடிநீருக்கான குளோரினில் அத்தகைய தெளிவான பயன் தெரியவில்லை. மிகுதியான தொடர்பு உடையவர்களைக் குறிவைத்ததும் தனிப்பலன் தரவில்லை.

முடிவுரை

ஊர்ப்பெரியவர் ஒருவரைப் பிடித்தால் ஊரே மாறிவிடும் என்ற எளிய நம்பிக்கையை இச்சான்றுகள் தாங்கவில்லை. எந்த வழக்கம், எத்தகைய உறவு என்பதைப் பொறுத்தே பரவல் அமைகிறது. பொதுச் சுகாதாரத் திட்டங்கள் தனியாளிடம் அறிவுரை கூறுவதோடு நில்லாமல், ஒன்றாகப் பழகும் சிலரைச் சேர்த்தே அணுகவேண்டும். அதே வேளையில், சுற்றம் மாறும்போது மாறாதவர்கள் ஓரத்தில் தனித்துவிடப்படுகிறார்கள் என்பதையும் ஃப்ராமிங்ஹாம் காட்டுகிறது. அவர்களை எட்டும் உறவுகள் குறைவு. ஆதலால் திட்டப் பணியாளர் நேரே சென்று காணவேண்டியவர்களில் அவர்களே முதன்மையானவர்கள்.