மவுஸை விட்டு விசைப்பலகைக்கு: நினைவட்டைகளை ஒரு கையாலும் விரைவாகப் படிக்கலாம்

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படிக்கும் மாணவருக்கும், வேலை முடிந்து வந்து இரவில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவருக்கும், அரச சேவையில் இரண்டாம் மொழித் தேர்ச்சிக்காகச் சிங்களச் சொற்களை மனனம் செய்பவருக்கும் உள்ள சிக்கல் ஒன்றுதான். படித்தது மனதில் நிற்பதில்லை. இடம்பெயர்வினால் படிப்பு இடைநடுவில் நின்றுபோய், பல வருடங்களின் பின் மீண்டும் புத்தகத்தைத் தொட்டவர்களுக்கு இது இன்னும் பெரிய சுமை.

படித்ததை எவ்வளவு விரைவாக மறக்கிறோம் என்பதை ஜேர்மனிய உளவியலாளர் ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் அளந்து எழுதினார். மறக்கும் தறுவாயில் மீட்டிப் பார்த்தால் நினைவு நீடிக்கும். அந்த நாளைக் கணக்குப் பார்த்து உரிய அட்டையை முன்னே வைப்பதுதான் நினைவட்டை மென்பொருட்களின் வேலை. அவற்றுள் பரவலாகப் பயன்படுவது அன்கி. டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்ட இது கணினியில் முற்றிலும் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே படிக்கலாம்.

ஏன் விசைப்பலகை?

ஒரு அட்டைக்கு இரண்டு சொடுக்குகள் தேவை. ஒன்று விடையைப் பார்க்க, மற்றது எவ்வளவு நினைவிருந்தது என்று சொல்ல. ஒரு நாளில் 100 அட்டைகள் மீட்டினால் 200 தடவை மவுஸை நகர்த்திப் பொத்தானைத் தேட வேண்டும். கண் ஒவ்வொரு தடவையும் கேள்வியை விட்டுப் பொத்தானுக்குப் போய்த் திரும்புகிறது. விசைகளுக்குப் பழகினால் கண் அட்டையிலேயே இருக்கும்.

இவை மட்டும் தெரிந்தால் தொடங்கலாம்

• ஸ்பேஸ் அல்லது என்டர்: விடையைக் காட்டும். விடை தெரிந்தபின் அதையே மீண்டும் அழுத்தினால் ‘குட்’ எனப் பதிவாகும்.
• 1: ‘அகெய்ன்’ – மறந்துவிட்டேன்.
• 2: ‘ஹார்ட்’ – சிரமப்பட்டு நினைவுபடுத்தினேன்.
• 3: ‘குட்’ – சரியாக நினைவிருந்தது.
• 4: ‘ஈசி’ – மிக எளிது.
• கன்ட்ரோலுடன் இசட்: தவறி அழுத்தியதை மீளப்பெறும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் 2. “இழைமணியின் தொழில் என்ன?” என்ற அட்டைக்கு விடை வரவில்லை, 1ஐ அழுத்த மனமில்லாமல் 2ஐ அழுத்துகிறோம். ஆனால் மென்பொருளின் கணக்கில் 2 என்பதும் ‘நினைவிருந்தது’ என்றே பொருள்படும். மறந்த அட்டை நாட்கள் கழித்துத்தான் திரும்பி வரும். மறந்திருந்தால் 1, அவ்வளவுதான். அதைப் பார்ப்பதற்கு வேறு எவரும் இல்லை. புள்ளி குறைக்கப்படுவதும் இல்லை.

இன்னொன்று, ஸ்பேஸ் விசை பழகியபின் விடையை நினைத்துப் பார்க்கும் முன்னரே விரல் அதைத் தட்டிவிடும். விடையை வாய்க்குள் சொல்லிய பின்னரே அழுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படித்துக்கொண்டே திருத்த

அட்டையில் எழுத்துப்பிழை கண்டால் ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தித் திருத்தலாம். ‘ஆர்’ விசை ஒலிப்பதிவை மீண்டும் ஒலிக்கச் செய்யும். மொழி படிப்பவர்களுக்கு அதிகம் உதவுவது இதுதான். சிறிய கோடு (-) அந்த அட்டையை நாளை வரை ஒதுக்கும். மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறி (@), நீங்கள் மீண்டும் கேட்கும்வரை அதை நிறுத்திவைக்கும். பாடத்திட்டத்தில் இல்லாத அட்டைகளை அழிக்காமல் இப்படி நிறுத்துவது நல்லது.

முதற் திரையில் ‘ஏ’ புதிய அட்டை சேர்க்கும். ‘பி’ எல்லா அட்டைகளையும் தேடிப் பார்க்க உதவும். ‘வை’ இணையக் கணக்குடன் ஒத்திசைக்கும். அட்டை எழுதி முடிந்ததும் கன்ட்ரோலுடன் என்டர் அழுத்தினால் அது சேர்ந்து, அடுத்ததற்கு வெற்றுப் படிவம் வரும். கோடிட்ட இடம் நிரப்பும் அட்டைக்கு, ‘குளோஸ்’ வகையைத் தெரிவுசெய்து, மறைக்க வேண்டிய சொல்லைத் தெரிந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிப்ட், சி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்துங்கள். மக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கொமாண்ட் விசை.

ஒரு கை போதும்

போரில் கையை இழந்தவர்களும், காயத்தினால் விரல்களைச் சரியாக அசைக்க முடியாதவர்களும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். மவுஸை நுணுக்கமாக நகர்த்துவது சிலருக்கு வலி. நினைவட்டைப் படிப்புக்கு அது தேவையே இல்லை. இடக்கை மட்டும் உள்ளவர்கள் ஸ்பேஸ் விசையையும் மேல்வரிசை 1 முதல் 4 வரையான இலக்கங்களையும் பயன்படுத்தலாம். வலக்கை மட்டும் உள்ளவர்களுக்கு, வலப்பக்கத்தில் இலக்கப் பகுதி உள்ள விசைப்பலகை வசதி. இலக்கங்களும் என்டரும் அங்கே அருகருகே உள்ளன.

இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவதற்கும் வழி உண்டு. விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ வசதியை இயக்கவா என்று கேட்கும். ஆம் என்றால், கன்ட்ரோலை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு இசட்டை அழுத்தினாலும் போதும்.

தமிழில் அட்டை செய்பவர்களுக்கு

பாமினி எழுத்துருவில் தட்டிய குறிப்புகளை அப்படியே ஒட்டாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றிய பின் ஒட்டுங்கள்.

விசைப்பலகை தமிழில் இருக்கும்போது ‘ஈ’, ‘ஆர்’ போன்ற எழுத்து விசைகள் வேலை செய்யாமல் போகலாம். மென்பொருளில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

சொந்தக் கணினி இல்லையென்றால்

அன்ட்ரொயிட் கைபேசிக்கான ‘அன்கிட்ரொயிட்’ செயலியும் இலவசமே. ஐபோன் செயலிக்கு மட்டும் கட்டணம் உண்டு. அன்ட்ரொயிட் கைபேசியில் விசைப்பலகை ஒன்றை இணைத்தால் ஸ்பேஸும் இலக்கங்களும் அதிலும் வேலை செய்யும். நூலகத்திலோ வேறிடத்திலோ பொதுக் கணினியில் படிப்பவர்கள் ‘அன்கிவெப்’ தளத்தில் இலவசக் கணக்குத் திறந்து உலாவியிலேயே படிக்கலாம். எழும்பும்போது கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம்.

புதிய அட்டைகள் நாளொன்றுக்கு 20 என்றே மென்பொருள் தொடங்கும். வேலையோடு படிப்பவர்கள் அதை 10ஆகக் குறைக்கலாம். இன்று சேர்ப்பவை வரும் நாட்களில் மீட்டலாகத் திரும்பி வரும். முதல் வாரம் ஸ்பேஸ், 1 ஆகிய இரண்டை மட்டும் பழகுங்கள்: நினைவிருந்தால் ஸ்பேஸ், மறந்திருந்தால் 1. மற்ற விசைகளைத் தேவை வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.