உல்லாசப் பயணியும் நாட்டின் அரசியற் சூழலும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் அரசியல் நிலைமை சீர்கெடும்போது அந்நாட்டிற்கு வரும் உல்லாசப் பயணிகளின் தொகை குறையும் என்பது பொதுவாக எல்லோராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கூற்றாகும். இக்கூற்றிலிருந்து அதன் மறுதலையும் எளிதிற் பெறப்பட்டுவிடுகின்றது. பயணிகள் பெருந்தொகையாக வருவார்களாயின் நாட்டில் அமைதி நிலவுகின்றது என்பதே அம்மறுதலையாகும். இலங்கையின் ஆட்சியாளர் பலரும் இவ்விரண்டாவது கூற்றைத் தமது ஆட்சித் திறனுக்குச் சான்றாகக் காட்டி வந்துள்ளனர். முதலாவது கூற்றில் எவ்வளவு உண்மையுண்டு, இரண்டாவது கூற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கால அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயணிகளின் வருகையை அரசியல் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுதல் வேண்டும். உலகப் பொருளாதார மந்தம், எரிபொருள் விலையேற்றம், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய் ஆகியனவும் இத்தொகையை ஏற்றியும் இறக்கியும் உள்ளன. எனினும், இலங்கையைப் பொறுத்தவரை பெரும் ஏற்றத்தாழ்வுகள் பலவற்றின் பின்னே அரசியலே நின்றதெனலாம்.

1. துறையின் தோற்றம்

நீராவிக் கப்பல்களின் காலத்திலேயே கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி ஓரிரு நாள் தங்கிச் செல்லும் வெளிநாட்டவர் இருந்தனர். அவர்களுக்கென 1937 இல் அமைக்கப்பட்ட அரசாங்கப் பணியகம் உலகப் போரின் காரணமாக 1940 இல் மூடப்பட்டது. இத்துறைக்கென உருவாகிய முதல் நிறுவனமே அரசியற் கொந்தளிப்பினால் மறைந்தமை கவனிக்கத்தக்கது.

இன்று நாம் அறியும் உல்லாசப் பயணத்துறை 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டதோடு தொடங்குகின்றது. அவ்வாண்டு வந்தோர் 18,969 பேர் மாத்திரமே. அடுத்த ஆண்டில் அமெரிக்க ஆலோசனை நிறுவனமொன்றின் துணையுடன் பத்தாண்டுத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. கொழும்பு, தென்கரை, கிழக்குக்கரை, மலைநாடு, பண்டைய நகரங்கள் என்பன வளர்ச்சிக்குரிய வலயங்களாக அதிற் கொள்ளப்பட்டன. தேயிலை, இறப்பர் ஆகியவற்றின் விலை வீழ்ச்சியால் அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய அரசு, கடலையும் வெயிலையும் புதிய ஏற்றுமதிப் பண்டங்களாகக் கண்டது.

இப்பண்டம் ஏனையவற்றினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. தேயிலையை வாங்குபவன் தோட்டத்திற்கு வரவேண்டியதில்லை. லயன் அறைகளை அவன் காண்பதுமில்லை. உல்லாசப் பயணியோ பண்டம் விளையும் இடத்திற்கே வந்து நுகர்பவன். ஆகவே, அவன் வருவதும் வராமல் விடுவதும் அந்நாட்டைப் பற்றி அவன் என்ன அறிகிறான் என்பதிலேயே தங்கியுள்ளது. அவ்வறிவை அவனுக்கு வழங்குவோர் மேற்கு நாட்டுப் பயண நிறுவனங்களும் செய்தித்தாள்களும் அவ்வந்நாட்டு அரசாங்கங்களுமே. ஓர் ஐரோப்பிய அரசாங்கம் இன்ன நாட்டிற்குச் செல்லற்க என எச்சரிக்குமாயின், காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கும். பயண நிறுவனம் தன் வாடிக்கையாளரை வேறொரு கடற்கரைக்குத் திருப்பிவிடும். அந்நிறுவனத்திற்கு நட்டம் சொற்பமே. கடற்கரையை வேறிடத்திற்கு நகர்த்த முடியாத நாடே முழு நட்டத்தையும் ஏற்கின்றது.

2. 1971: முதலாவது பாடம்

1971 ஏப்ரலில் தென்னிலங்கைக் கிராமப்புற இளைஞர் மேற்கொண்ட ஆயுதக் கிளர்ச்சியே இத்துறை சந்தித்த முதற் சோதனையாகும். 1970 இல் 46,247 ஆக இருந்த வருகை 1971 இல் 39,654 ஆகக் குறைந்தது. ஆயின், 1972 இல் அது 56,047 ஆக உயர்ந்து முன்னைய நிலையையும் விஞ்சியது. அவ்வாண்டில் ஆயிரக்கணக்கான இளைஞர் தடுப்பு முகாம்களில் இருந்தனர். அவசரகால நிலை நீடித்தது. அவர்களை விசாரிக்கவெனச் சாதாரண சாட்சியச் சட்டத்தைத் தளர்த்தும் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. நாட்டின் அரசியற் புண் ஆறவில்லை, அது மூடப்பட்டிருந்தது. பயணிகள் திரும்பி வருவதற்கு அதுவே போதுமாயிருந்தது.

இது இலங்கைக்கு மாத்திரம் உரிய இயல்பன்று. பிராங்கோவின் சர்வாதிகாரத்தின் கீழிருந்த ஸ்பெயினுக்கு 1960 இல் ஏறத்தாழ 6 மில்லியன் பயணிகள் வந்தனர். 1973 இல் அத்தொகை 30 மில்லியனைத் தாண்டியது. தொழிற்சங்கங்களை ஒடுக்கி, கற்றலன், பாஸ்க் மொழிகளைப் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கிய ஆட்சி கடற்கரைக்கு வருபவனைத் தொந்தரவு செய்யவில்லை. பயணியை விலக்குவது ஒடுக்குமுறையன்று. ஒடுக்குமுறையால் எழும் கொந்தளிப்பு அவன் கண்ணிற்படுவதே அவனை விலக்குகின்றது.

3. எரிந்த நூலகமும் ஏறிய எண்ணிக்கையும்

1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. வாடகை விமானங்களில் மேற்கு ஐரோப்பியர் திரளாக வரலாயினர். பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் நீர்கொழும்பிலும் ஹோட்டல்கள் பெருகின. கிழக்கே பாசிக்குடா, நிலாவெளிக் கரைகளும் பெயர் பெற்றன.

இதே ஆண்டுகளின் அரசியலை நோக்குவோம். 1977 ஓகஸ்டில் தமிழருக்கெதிரான வன்செயல்கள் நாடெங்கும் பரவின. மலையகத் தோட்டத் தொழிலாளரும் அவற்றுக்குத் தப்பவில்லை. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது; யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. 1981 மே மாத இறுதியிலும் யூன் மாத முதலிலும் யாழ்ப்பாணம் தாக்கப்பட்டு, அதன் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. நாட்டின் அரசியற் சூழல் ஆண்டுக்காண்டு இருண்டு வந்த காலம் இது.

பயணிகளின் தொகையோ 1977 இல் 153,665 ஆகவும், 1980 இல் 321,780 ஆகவும், நூலகம் எரிந்த 1981 இல் 370,742 ஆகவும், 1982 இல் 407,230 ஆகவும் ஏறிச் சென்றது. ஓர் இனத்தின் அறிவுச் செல்வம் சாம்பலாகியமை இவ்வரிசையில் ஒரு சிறு பள்ளத்தையேனும் ஏற்படுத்தவில்லை. இவ்வெண்களை மாத்திரம் படிக்கும் பிற்கால மாணவன் இவ்வைந்தாண்டுகளையும் இலங்கையின் பொற்காலமெனக் கருதினால் அவன்மேற் குற்றஞ் சொல்லவியலாது.

4. யூலை 1983உம் அதன் பின்னும்

1983 யூலை வன்செயல் முன்னையவற்றினின்றும் வேறுபட்ட வகையில் உலகின் கண்ணிற்பட்டது. அது தலைநகரிலேயே, பட்டப்பகலில், வெளிநாட்டவர் பலர் தங்கியிருந்த வேளையில் நிகழ்ந்தது. வீதியில் மனிதர் உயிரோடு எரிக்கப்பட்டதைக் கண்ணுற்றதாக நோர்வே நாட்டுப் பயணி ஒருவர் கூறியது இலண்டன் நாளேடொன்றில் வெளியாயிற்று. இளைப்பாற வந்தவர் சாட்சியாகித் திரும்பினார். எரிந்த கடைகளின் படங்கள் ஐரோப்பிய வீடுகளின் தொலைக்காட்சிகளில் தோன்றின.

வருகை 1983 இல் 337,530 ஆகவும், 1985 இல் 257,456 ஆகவும் வீழ்ந்தது. 1986 மே 3 ஆம் நாள் கட்டுநாயக்காவில் எயர் லங்கா விமானமொன்றிற் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். அவர்களுட் பலர் வெளிநாட்டவர். மறு ஆண்டில் தென்னிலங்கையிலும் இரண்டாவது கிளர்ச்சி மூண்டது. 1987 இல் வந்தோர் 182,620 பேரே. இது 1982 ஆம் ஆண்டுத் தொகையின் அரைவாசியிலும் குறைவாகும். 1982 ஆம் ஆண்டு நிலையை மீண்டும் எட்டுவதற்கு 1994 வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே முதலாவது கூற்று ஓரளவுக்கு மெய்யென்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வீழ்ச்சியின் சுமை யார் தலையில் விழுந்தது என்பது அடுத்து எழும் வினாவாகும். பெரிய ஹோட்டல் முதலாளிகள் கடன் தவணையைப் பின்போடவும், வேறு துறைகளில் முதலிடவும் வல்லவராயிருந்தனர். அறை வாடகையைக் குறைத்து, வெளிநாட்டுப் பயண நிறுவனங்கள் கேட்ட விலைக்கே கொடுத்தனர். அவ்வாறு குறைத்ததை ஊழியரின் ஊதியத்தில் ஈடுசெய்யவும் அவர்களால் இயன்றது. அறை துப்புரவு செய்தவர், பரிசாரகர், வழிகாட்டி, ஹிக்கடுவையிற் கண்ணாடித் தளப் படகோட்டியவர், அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்கியவர், பத்திக் துணிக்குச் சாயமிட்ட பெண்கள் ஆகியோருக்கு அவ்வசதி இருக்கவில்லை. இவர்களிற் பெரும்பாலோர் சிங்கள உழைக்கும் மக்கள். தமிழ் மக்களுக்கெதிராக மூட்டப்பட்ட தீ தெற்கின் அடுப்புகளையும் அணைத்ததென்பதைப் பேரினவாத அரசியல் என்றும் அவர்களுக்கு எடுத்துரைத்ததில்லை.

கிழக்குக்கரையின் நிலை இன்னும் கொடிது. அதன் பருவம் மே முதல் செப்டெம்பர் வரையானது. 1983 யூலை அப்பருவத்தின் நடுவே வந்தது. தொடர்ந்த போரில் பாசிக்குடா ஹோட்டல்கள் இடிபாடுகளாயின. கால் நூற்றாண்டுக்கு அக்கரை பயண வரைபடத்திலிருந்தே மறைந்துபோயிற்று.

5. போர் நடக்கவே பயணிகள் வருதல்

இரண்டாவது கூற்றைச் சோதிப்பதற்கு மூன்று ஆண்டுகள் நமக்குப் பெரிதும் உதவுகின்றன.

முதலாவது 1990. அவ்வாண்டு யூனில் வடக்குக் கிழக்கில் இரண்டாவது ஈழப்போர் தொடங்கியது. கிழக்கிற் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஒரு சில நாட்களுள் வெளியேற்றினர். ஆயினும், பயணிகளின் தொகை முன்னைய ஆண்டின் 184,732 இலிருந்து 297,888 ஆக, அறுபது வீதத்திற்கும் மேலாக, உயர்ந்தது. காரணம் வெளிப்படை. தென்னிலங்கைக் கிளர்ச்சி 1989 இறுதியில் இரத்த வெள்ளத்தில் அடக்கப்பட்டுத் தென்கரை ஓய்ந்திருந்தது. போர் நிகழ்ந்த இடம் பயணி செல்லும் இடமன்று.

இரண்டாவது 1995. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். மழையில், செம்மணி வெளியைத் தாண்டிய அந்நெடுநடையை அறியாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் இல்லை. அவ்வாண்டு வந்த பயணிகள் 403,101 பேர். முந்திய ஆண்டிற்கும் அதற்கும் வேறுபாடு ஏறக்குறைய ஒரு வீதமே. மூன்று மாதங்களின் பின், 1996 சனவரி 31 இல், கொழும்பில் மத்திய வங்கி குண்டுத் தாக்குதலுக்குள்ளாகி 90 பேர் வரை மாண்டனர். அவ்வாண்டின் தொகை 302,265 ஆக, காற்பங்கு, வீழ்ந்தது. இடம்பெயர்ந்த இலட்சங்களைப் பதிவு செய்யாத கணக்கு தலைநகரின் ஒரு வீதியைப் பதிவு செய்தது.

மூன்றாவது 2009. வன்னியின் சிறு நிலத்துண்டொன்றில் இலட்சக்கணக்கான மக்கள் முற்றுகைக்குள் அகப்பட்டு, எண்ணற்றோர் அழிந்த ஆண்டு அது. எஞ்சியோர் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2008 இல் 438,475 ஆக இருந்த வருகை அவ்வாண்டு 447,890 ஆகச் சற்று உயர்ந்தது.

ஆகவே, இத்தொகை அமைதியை அளக்கும் கோலன்று. கலகம் எவ்வளவு தூரம் கொழும்பையும் தென்கரையையும் விமான நிலையத்தையும் எட்டுகின்றது என்பதையே அது அளக்கின்றது. 2001 யூலையில் கட்டுநாயக்கா தாக்கப்பட்டபோது வருகை குறைந்ததும், மறு ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் ஏறி 2003 இல் 500,642 ஆகியதும் இதனையே உறுதிப்படுத்துகின்றன.

6. எண்ணிக்கையே சாதனையாதல்

போர் முடிந்தபின் இவ்வளவுகோலே அரசின் கொள்கையாயிற்று. ‘ஆசியாவின் ஆச்சரியம்’ என்னும் சுலோகம் உலகெங்கும் பரப்பப்பட்டது. 2010 இல் 654,476 ஆக இருந்த வருகை 2018 இல் 2,333,796 ஆகியது. பயணிகளின் வருகையை அமைதியின் சான்றாகக் கொள்ளும் அரசு பிணக்கைத் தீர்ப்பதிலும் அதனை மறைப்பதிலேயே அக்கறை கொள்கின்றது. காங்கேசன்துறையில் மக்கள் உட்புக முடியாத உயர்பாதுகாப்பு வலயத்தினுள் இராணுவம் விடுமுறை விடுதியொன்றை நடத்தியது. 2014 ஒக்டோபர் முதல் சில மாதங்கள் வெளிநாட்டவர் வடக்கிற்குச் செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெறவேண்டியிருந்தது. பயணி வரவேண்டும்; ஆனால் எல்லாவற்றையும் காணலாகாது. கிழக்கின் தென்கோடியில் பாணமையிலே 2010 இல் நிலத்தினின்றும் விரட்டப்பட்ட சிங்களக் குடும்பங்களும் அவ்விடத்திற் படைமுகாமும் விடுதியும் எழுந்ததைக் கண்டன. நில அபகரிப்பு மொழி பார்த்து நடப்பதில்லை.

இவ்வாறு கட்டப்பட்ட மாளிகையின் உறுதியை 2019 ஏப்ரல் 21 காட்டியது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நிகழ்ந்த தாக்குதல்களில் 250 பேருக்கு மேல் மாண்டனர். 2018 மே மாதத்தில் 129,466 ஆக இருந்த வருகை 2019 மே மாதத்தில் 37,802 ஆயிற்று. 2022 இல் எரிபொருள் வரிசைகளும் மக்கள் எழுச்சியும் தோன்றியபோது பயணிகள் மீண்டும் தயங்கினர். 2024 இல் அத்தொகை மறுபடியும் 2 மில்லியனைத் தாண்டியது.

முடிவாக, அரசியற் சூழல் பயணிகளை விலக்கும் என்ற கூற்று மெய்யே. ஆயின் அது மிகப் பிந்தி வரும் மெய். பயணி அஞ்சி விலகும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே அந்நாட்டு மக்களில் ஒரு பகுதியினர் அஞ்சி வாழத் தொடங்கியிருப்பர். 1981 இல் யாழ்ப்பாணத்திலே கேட்கவேண்டிய எச்சரிக்கையை நாடு 1983 இன் பின் ஹோட்டல்களின் வெற்று அறைகளிலேதான் கேட்டது. அப்பொழுதும் அறைகளை நிரப்பும் வழி தேடப்பட்டதேயன்றி, அவை வெறுமையானதன் காரணம் ஆராயப்படவில்லை.

ஒரு நாடு அமைதியுற்றதா என்பதை அறிய விரும்பும் ஆய்வாளன் விமான நிலையத்தில் வந்திறங்குவோரை எண்ணுவதோடு அமையலாகாது. இடம்பெயர்ந்தோருள் எத்தனை பேர் தம் சொந்தக் காணிக்குத் திரும்பினர், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு என்ன மறுமொழி கிடைத்தது, தோட்டத் தொழிலாளியும் மீனவனும் அச்சமின்றி உறங்குகின்றனரா என்பனவற்றையும் அவன் எண்ணுதல் வேண்டும். சொந்த மக்கள் அச்சமின்றி வாழும் நாட்டிற்கு விருந்தினர் தாமாகவே வருவர் என்பதே நமது துணிபாகும்.